கல்லூரியில் உனக்கு ஆசிரியர் யார்?



முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியிலே பாடம் சொன்னவன் நான். கல்லூரியில் பயிலும் உங்களிடம் பேச ஒரு பள்ளித் தலைமையாசிரியனுக்கு என்ன உரிமை என்று நீங்கள் எண்ணலாம். ஓர் உரிமை உண்டு. எங்கள் பள்ளியிலிருந்து சென்ற பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்த ஆறாம் மாதம், பொங்கல் விடுமுறையில் என்னைக் காண வருவார்கள். சேரும்போது இருந்த முகப்பொலிவு பலரிடம் இராது. "ஐயா, அங்கே யாரும் ஒன்றும் சொல்லித் தருவதில்லை" என்பதே பெரும்பாலோர் கூறும் முதற் குறை.

அக்குறையைப் பொய்யென்று நான் தள்ளுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளி அவர்களைக் கைப்பிடித்து நடத்தியது. எந்தப் பாடத்தில் எந்த வினா வரும், அதற்கு எத்தனை வரியில் விடை எழுதவேண்டும், எச்சொல்லின் கீழே கோடிடவேண்டும் என்பது வரையில் பிறர் வகுத்துக் கொடுத்தனர். எழுப்புவதற்கு அன்னை இருந்தாள். அதட்டுவதற்கு ஆசிரியர் இருந்தார். கல்லூரியிலோ ஒரு மணி நேரம் பேராசிரியர் பேசிவிட்டுச் செல்கிறார். வந்தாயா என்று வருகைப் பதிவேடு கேட்கிறது. கற்றாயா என்று கேட்பார் இல்லை. பருவத் தேர்வு வந்து கேட்கும்போதோ காலம் கடந்துவிடுகிறது.

நான் அறிந்த மாணவி ஒருத்தியைப் பற்றிக் கூறுகிறேன். தந்தையார் நூற்பாலைத் தொழிலாளி. அவ்வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவள்தான். தமிழ் வழியிற் பயின்று நல்ல மதிப்பெண்ணோடு வெளியேறியவள், இயற்பியல் பட்ட வகுப்பிற் சேர்ந்தாள். அங்கே விரிவுரைகளெல்லாம் ஆங்கிலம். முதற் பருவத்திலேயே இரண்டு தாள்கள் நின்றுபோயின. மாணவர் வழக்கிலே சொன்னால், இரண்டு அரியர். "போதும் அம்மா, ஆலைக்கே வந்துவிடு" என்று தந்தையார் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் கொடியவர் அல்லர். கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தியவருக்கு வேறு வழி தோன்றவில்லை.

ஆசிரியப் பயிற்சியின்போது நாங்கள் முதன்முதற் கற்றது பாடக்குறிப்பு எழுதுவது. வகுப்புக்குள் நுழையுமுன், இப்பாடம் முடிந்தபின் மாணவர் எதைச் செய்ய வல்லவராவர் என்று குறிப்பின் தலையில் ஒரு வரி எழுதவேண்டும். 'அறிந்துகொள்வர்' என்று எழுதினால் எங்கள் பேராசிரியர் அடித்துவிடுவார். அறிந்துகொண்டதை எப்படிக் கண்டாய் என்பார். 'படம் வரைந்து பாகங்களைக் குறிப்பர்', 'கணக்கிட்டுக் காட்டுவர்' என்று, கண்ணுக்குத் தெரியும் செயலாக அது இருக்கவேண்டும். அந்த வித்தையைத்தான் அப்பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "உன் ஆசிரியை இனி நீதான். ஒவ்வொரு பகுதிக்கும் அப்படி ஒரு வரி எழுது. படித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு, எழுதியதைச் செய்து பார். எங்கே கை நிற்கிறதோ அங்கே ஒரு புள்ளி வை. அந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போ" என்றேன்.

அவள் போனாள். "புரியவில்லை" என்று சொல்லவில்லை. இந்தச் சமன்பாட்டின் இரண்டாம் படியில் குறி ஏன் மாறுகிறது என்று கேட்டாள். அதுவரை அவள் பெயரையும் அறியாதிருந்த பேராசிரியர் அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கினாராம். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. "புரியவில்லை" என்பவனுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று எந்த ஆசிரியருக்கும் தெரியாது. குறிப்பிட்ட வினாவோடு வருபவனோ பாதி வழியைத் தானே கடந்து வந்தவன். நின்ற தாள்களுள் ஒன்றை அடுத்த முறையே முடித்தாள். மற்றொன்று இன்னும் ஓராண்டு அவளை அலைக்கழித்தது. தந்தையார் ஆலைப் பேச்சை மீண்டும் எடுக்கவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டுச் செய்து பார் என்றேனே, அது கிழவன் கைவைத்தியம் அன்று. அமெரிக்க நாட்டின் உளவியலறிஞர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இருவர் 2006ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களிடம் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்து வாசிக்கச் செய்தனர். ஒருமுறை வாசித்ததை மீண்டும் வாசிப்பது ஒரு முறை. மற்றொன்று, தாளைப் பாராமல் நினைவிலிருந்து எழுதுவது. எழுதியதைத் திருத்திக் கொடுப்பாருங்கூட இல்லை. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுவாசிப்பே முந்தியது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழாயிற்று: மீண்டும் வாசித்தவர் நினைவில் நின்றது ஏறத்தாழ நூற்றுக்கு 42 பங்கு, நினைவிலிருந்து எழுதியவருக்கோ 56 பங்கு. தேர்வுக்கு முந்திய இரவில் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறவன் தனக்கெல்லாம் தெரியும் என்று நம்புவதன் காரணம் இதில் விளங்குகிறது. அந்த ஐந்து நிமிடத் தெளிவு அவனை ஏமாற்றிவிடுகிறது.

இனி, படிப்பு முடிந்தபின் படிக்கத் தொடங்கிய ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855இல் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், அப்பெரியவர் 1876இல் மறையும் வரை பாடங்கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே, அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன நூல்கள் கற்றீர்கள் என்று முதலியார் வினவினார். இளம் ஆசிரியர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று தாம் கற்றவற்றை அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பின் சாயலே இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை.

வயது இருபத்தைந்து, கையில் வேலை இருக்கிறது, தமிழறிஞர் என்ற பெயரும் இருக்கிறது. வேறொருவராயின், நீதிமன்றத்து அதிகாரிக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பியிருப்பார். ஐயரோ முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுக்கொண்டு படிக்க உட்கார்ந்தார். விளங்கவில்லை. அது சமண காவியம். அவரோ சைவ நூல்களில் ஊறியவர். விளக்கக்கூடிய ஆசிரியரும் இப்போது இல்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடுகளைத் தேடிச் சென்று, அவர்தம் சமயக் கருத்துக்களை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். நச்சினார்க்கினியர் உரையிலோ, இன்ன நூல் என்று பெயர் சொல்லாத மேற்கோள்கள் நிறைய இருந்தன. அவை எங்கிருந்து வந்தன என்று தேடப் புகுந்ததே அவரைப் பத்துப்பாட்டுக்கும் எட்டுத்தொகைக்கும் அழைத்துச் சென்றது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை வெளிவந்தன.

இவற்றுக்கெல்லாம் எந்தப் பாடத்திட்டமும் கிடையாது. 'எனக்கு இது தெரியாது' என்பதை அவர் ஒரு வேலைப் பட்டியலாக மாற்றிக்கொண்டார்.

இங்கே சில மாணவர்கள் எனக்கு இராமானுஜன் பெயரைச் சொல்வார்கள். கணித மேதை அதே கும்பகோணம் கல்லூரியில் 1904இல் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றவற்றைப் புறக்கணித்து, உதவித் தொகையை இழந்தார் அல்லவா, ஆகையால் பிடிக்காத பாடத்தை நாங்களும் விட்டுவிடலாமே என்பது அவர்கள் வாதம். அவர் விட்ட பாதியை மட்டும் பின்பற்றுவதில்தான் எத்தனை ஆர்வம்! அவர் ஏடு ஏடாகக் கணக்கெழுதி நிரப்பிய பாதியை எவரும் சொல்வதில்லை. 1913ஆம் ஆண்டின் தொடக்கத்தில், துறைமுகப் பொறுப்புக் கழக எழுத்தராக இருந்துகொண்டு, தம் கணக்குகளைச் சீர்தூக்க வல்லவரான கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குத் தாமே கடிதம் எழுதினாரே, அந்தத் துணிவையும் சொல்வதில்லை.

உங்களுக்கு வாய்த்த வசதிகளோ அவர்கள் கனவிலும் காணாதவை. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இலும், மதுரையில் 2023இலும் பெரு நூலகங்கள் திறக்கப்பட்டன. இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர்களின் விரிவுரைகளைக் கைப்பேசியிலேயே கட்டணமின்றிக் கேட்கலாம். கேட்டதற்கெல்லாம் விடை எழுதித் தரும் கணிப்பொறிகளும் வந்துவிட்டன. அவற்றை நான் வெறுப்பவன் அல்லேன். "இக்கட்டுரையை எழுதிக் கொடு" என்று கேட்பவனுக்கு அது கூலியாள். அவன் கை எழுதப் பழகுவதில்லை. "நான் எழுதிய இதில் எங்கே தருக்கம் அறுந்திருக்கிறது? என்னிடம் ஐந்து வினாக் கேள்" என்பவனுக்கு அது உடன் பயிலும் தோழன். கருவி ஒன்றுதான், கேட்கும் வாயைப் பொறுத்து வேறுபடுகிறது.

விடுதியில் தங்கும் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு சொல். தானே எழுவதும், தன் துணியைத் தானே துவைப்பதும், வீட்டிலிருந்து வரும் பணத்துக்கு ஒரு நோட்டில் கணக்கு வைப்பதும் கல்வியின் புறத்தே உள்ளவை அல்ல. மாதக் கடைசியில் அந்தக் கணக்கைத் தானே பார்க்கக் கூசாதவன், நின்றுபோன தாளையும் கூசாமல் எடுத்துப் பார்க்கிறான். இது நான் பல பிள்ளைகளிடம் கண்டது.

பொங்கலுக்கு என்னைக் காண வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, உன் பாடத்திட்டத்தை நீ படித்ததுண்டா என்பது. மதிப்பெண் பட்டியலைப் படித்திருப்பார்கள். பழைய வினாத்தாள்களைப் படித்திருப்பார்கள். மூன்றாண்டில் தாம் என்ன கற்கப்போகிறோம் என்று பல்கலைக்கழகம் அச்சிட்டு வைத்திருக்கும் அந்தச் சில தாள்களைப் படித்தவர் மிகச் சிலரே. இன்றிரவு அதை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியின் அருகிலும், இது முடிந்தபின் நான் எதைச் செய்து காட்டுவேன் என்று பென்சிலால் ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத பகுதிகளை வட்டமிட்டு வைத்துக்கொண்டு, நாளைக் காலையில் துறை அறைக் கதவைத் தட்டுங்கள்.