காவும் மன்றும்



பூங்கா என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். பூவும் காவும் சேர்ந்த சொல் அது. கா என்பது சோலை. அச்சொல்லில் 'பொது' என்னும் பொருள் எங்கும் இல்லை என்பதை முதற்கண் கருதுவோம்.

மணிமேகலைக் காப்பியத்தில், மலர் பறிக்கப் புறப்படும் மணிமேகலைக்குச் சுதமதி புகார் நகரின் சோலைகளை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டுகிறாள். இலவந்திகையில் அரசனைச் சார்ந்தோர் இருப்பர். உய்யானத்தைப் பூதம் காக்கிறது. சம்பாதிவனமும் கவேரவனமும் தெய்வக் காவல் உடையன. எஞ்சுவது உவவனம் ஒன்றே. சுதமதியின் அச்சம் வெற்றச்சம் அன்று. முன்னொரு நாள் தனியே மலர் பறிக்கச் சென்றபோது விஞ்சையன் ஒருவனால் கவர்ந்து செல்லப்பட்டவள் அவள். தேர்ந்தெடுத்த உவவனத்திற்கும் உதயகுமரன் வந்துவிடுகிறான். மணிமேகலை பளிக்கறைக்குள் புக நேர்கிறது. இக்காதையை வகுப்பில் இயற்கை வருணனையாக மட்டும் கற்பித்துவந்தோம். அது நம் குறையே. சோலைக்குள் யார் புகலாம், புகுந்தால் அச்சமின்றி இருக்கலாமா என்பதன்றோ அங்கு வினா?

பொதுமை நம் மொழியில் வேறோரிடத்தில் இருந்தது. மன்றம், பொதியில் என்பன அதன் பெயர்கள். ஊர் நடுவே, பலாவோ வேம்போ நிழல் செய்ய, எவரும் வந்து அமரும் இடம் மன்றம். பொதியில் என்பது பொது இல்.

இங்கிலாந்தில் பெர்க்கன்ஹெட் நகரம் பொதுப்பணத்தில் அமைத்த பூங்கா 1847ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். 1850இல் அதனைக் கண்டு வியந்த ஓம்ஸ்டெட், பின்னர் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வோக்ஸுடன் இணைந்து வடிவமைத்தார். செல்வர்க்கு உரியதாயிருந்த காவின் கதவு அவ்வாறு தொழிலாளர்க்கும் திறந்தது. காவும் மன்றும் ஒன்றான இடமே பொதுப்பூங்கா என்பது நம் கருத்து.

சிங்கப்பூரில் இதற்குச் சான்று ஃபேரர் பார்க். பெயரில் பூங்கா, பார்ப்பதற்கோ வெறும் திடல். 1933 வரை அங்குக் குதிரைப் பந்தயம் நடந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் இன்றும் அதனைச் சொல்கிறது. 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த இந்தியப் படைவீரர் பல்லாயிரவர் அத்திடலில் கூட்டப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம் அங்கேதான். பூ ஒன்றும் பூவாத அவ்விடம் பழைய மன்றத்தின் பணியைச் செய்தது. அடுத்துள்ள தேக்கா வட்டாரப் புல்வெளிகளில் ஞாயிறு மாலை தோறும் தொழிலாளர் அமர்ந்து ஊர்க்கதை பேசுவதும் அப்பணியே.

விந்தை என்னவெனில், மன்றம் என்னும் சொல்லை நாம் கட்டடத்துக்குள் குடியேற்றிவிட்டோம்: சமூக மன்றம், நாடாளுமன்றம். வானம் பார்த்த இடத்திற்குத் 'திடல்' மட்டும் எஞ்சியது.

ஃபேரர் பார்க் திடற்பகுதியில் அடுக்குமாடி வீடுகள் எழும் என 2021இல் அறிவிக்கப்பட்டது. வீடும் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆசிரியர்கள் ஒரு ஞாயிறன்று மாணவரை அங்கு அழைத்துச் சென்று, புல்லில் அமர்ந்திருப்போர் அவ்விடத்தை எப்பெயரால் வழங்குகின்றனர் எனக் கேட்டெழுதச் செய்யுமாறு வேண்டுகிறோம். அச்சொற்கள் எந்த அகராதியிலும் ஏறியவை அல்ல.