கட்டிடத்துள் உறையும் வரலாறு

தார்நாகாவிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் வாழும் தமிழர்களாகிய நமக்கு உஸ்மானியாப் பல்கலைக் கழகம் அண்டை வீடு போன்றது. ஆராய்ச்சிக் கூடங்களிலும் இரயில்வேயிலும் பணியேற்று இந்நகருக்கு வந்தவர் நம்மில் பலர். ஆராய்ச்சி நிலையம் ஒன்றே நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்ததும் உண்டு. 1918-இல் குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் தொடங்கிவைத்த உணவு ஆராய்ச்சி 1958-இல் நீலகிரியினின்று இறங்கி இங்குக் குடியேறியது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்பது அதன் இன்றைய பெயர். அங்கிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவில் உஸ்மானியாவின் கலைக் கல்லூரிக் கட்டிடம் நிற்கிறது. இன்று நாம் பேசப் புகுவது அக்கட்டிடத்தைப் பற்றியே.

நம்மவர் பலர் அதனைத் தொலைவிலிருந்து கண்டு, "இஸ்லாமியக் கட்டிடம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவர். கண் முதலிற் காண்பது நடுவிலுள்ள மாபெரும் கூர்வளைவு ஆதலின் அவர்கள் கூற்று முற்றிலும் தவறன்று. ஆனால் அகன்ற படிகளில் ஏறித் தூண்களை நெருங்கி நோக்குவார்க்கு வேறொன்று புலப்படும். அத்தூண்கள் அஜந்தா, எல்லோராக் குடைவரைகளை நினைவூட்டுவன. வளைவு ஒரு மரபினது. தூண் மற்றொரு மரபினது. கல்லோ தக்காணத்துக்கே உரியது. கருங்கல் என்று வழக்குப் பற்றி நாம் சொன்னாலும், அதன் நிறம் இளஞ்சிவப்பு! மாலை வெயிலில் அக்கட்டிடத்தைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இக்கலவை எவ்வாறு நேர்ந்தது என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

கூரையைத் தாங்கும் வழிகளுள் பண்டு தொட்டு வழங்குவன இரண்டு. தூண்களை நிறுத்தி, மேலே உத்தரம் கிடத்துவது ஒன்று. கற்களை வில் போல் வளைத்து அடுக்குவது மற்றொன்று. தமிழகத்துக் கோவிற் சிற்பிகள் போற்றியது முதல் வழி. கல் பளுவைத் தாங்கும். ஆனால் நீளமாகக் கிடத்தினால் வளைவு தாங்காது ஒடிந்துவிடும். ஆகவே தூண்கள் நெருங்கி நிற்கவேண்டியதாயிற்று. உத்தரத்துக்கும் தூணுக்கும் இடையே போதிகை வந்தமைந்ததும் தாங்கும் நீளத்தைக் குறைப்பதற்கே. மதுரையிலும் சிதம்பரத்திலும் ஆயிரங்கால் மண்டபங்களைக் கண்டு வியக்கிறோம். அவ்வியப்பின் அடியில் கல்லின் இயல்பு பற்றிய அறிவு இருக்கிறது. வளைவிலோ ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்கி நிற்பதால் சிறு கற்களைக் கொண்டே அகன்ற இடைவெளியைக் கடக்கலாம். பெருங்கூட்டம் ஒருசேர நின்று தொழுவதற்கு அகன்ற வெளியை நாடிய சமயம் வளைவையும் குவிமாடத்தையும் விரும்பியது இயல்பே. இருள் செறிந்த கருவறையை நோக்கி ஒவ்வொருவராய் நெருங்கும் வழிபாட்டுக்குத் தூண் வரிசை இடையூறன்று.

பொருளும் வழிபாடும் மட்டுமே வடிவத்தை ஆக்கிவிடுவதில்லை. பழைய நினைவுக்கும் அதில் பங்குண்டு. மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்தைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரே பாறையில் செதுக்கப்பட்ட அது, ஓலை வேய்ந்த குடில் ஒன்றின் வடிவே ஆகும். மழைநீர் வடியச் சரிவாக வேய்ந்த கூரை அது. பாறைக்கு அச்சரிவு எதற்கு? அஜந்தாவின் பழைய சைத்தியக் குகைகளிலும் இதனைக் காணலாம். மரக்கட்டிடத்தின் வளைந்த விலாச் சட்டங்களைப் போன்று அங்குக் கூரை அமைந்திருக்கிறது. மலையைக் குடைந்தவர்க்குச் சட்டம் தேவையில்லை. ஆயினும் கோயில் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் நெஞ்சம் பழகியிருந்தது.

பழக்கங்கள் ஒன்றோடொன்று கலந்த காலத்துக்கு நமக்கு அண்மைச் சான்று மதுரைத் திருமலை நாயக்கர் மகால். 1636-இல் எழுந்த அம்மாளிகையில் பருத்த தூண்களின் மேல் உத்தரம் இல்லை. வளைவுகள் பாய்ந்து செல்கின்றன. அவற்றின் மேலே செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும் கொண்டு யாளிகளும் பூங்கொடிகளும் அமைத்தனர். மீனாட்சியம்மைக்குத் திருப்பணி செய்த அதே மன்னர் தம் அரண்மனைக்கு வளைவை ஏற்றுக்கொண்டதில் முரண்பாடு எதனையும் கண்டாரில்லை. பின்னர்ச் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபுவின் காலத்தில் சிதைந்திருந்த அம்மகால் பழுது பார்க்கப்பட்டது. அவ்வேலையில் ஈடுபட்ட இராபர்ட் சிஷோம் என்பவரே 1874-க்கும் 1879-க்கும் இடையே சென்னைப் பல்கலைக் கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டினார். கடற்கரைச் சாலையில் அதன் குவிமாடங்களைக் கண்டு வளர்ந்தவர்க்கு உஸ்மானியாக் கட்டிடம் முற்றும் புதியதாகத் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணம் போலும்.

ஐதராபாத்தின் கதை வேறு. 1917-இல் நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் பிறப்பித்த ஆணையின்படி இப்பல்கலைக் கழகம் உருவாயிற்று. ஆங்கிலத்தை விடுத்து உருது மொழியைப் பயிற்று மொழியாகக் கொண்டது அதன் தனிச் சிறப்பு. நூல்களை மொழிபெயர்க்கவென்றே ஒரு துறை நிறுவப்பட்டது. தொடக்கத்தில் நகரின் நடுவே வீடுகளிற்றான் வகுப்புகள் நடந்தன. நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் நிலையான இடத்துக்கென நிலங்களை ஆராய்ந்தார். ஜெயின் யார் ஜங், சையது அலி ரஜா என்னும் இருவர் வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்களைக் கண்டு வரும்படி அனுப்பப் பெற்றனர். எர்னஸ்ட் ஜாஸ்பர் என்னும் பெல்ஜியக் கட்டிடக் கலைஞர் வரைபடம் ஆக்கினார். எகிப்தில் கெய்ரோவை அடுத்த ஹெலியோபோலிஸ் நகரில் 1910-இல் திறக்கப்பட்ட பெரிய விடுதி இவர் படைத்ததே. 1934 ஜூலை 5-ஆம் நாள் நிஜாம் கால்கோள் செய்தார். ஜாஸ்பர் ஊர் திரும்பிய பின் ஜெயின் யார் ஜங் பணியை நடத்தினார். 1939 டிசம்பர் 4-ஆம் நாள் கலைக் கல்லூரி திறக்கப்பட்டது.

கெய்ரோவில் பணியாற்றியவர் வளைவைக் கொணர்ந்தது வியப்பன்று. மேலும், நிஜாம் ஆட்சிக்குட்பட்ட பீதரிலேயே மகமூது கவான் 1472-இல் கட்டிய மதரஸா, பாரசீக முறையில் வண்ண ஓடுகள் பதித்து எழுந்த ஒரு கலைக்கூடமாகும். அஜந்தாத் தூண் வந்த வழிதான் நாம் சிந்திக்கத் தக்கது. 1819-இல் ஓர் ஆங்கிலப் படைத் தலைவர் வேட்டைக்குச் சென்றவிடத்துக் காணும்வரை அக்குகைகள் புறவுலகின் கவனத்துக்கு எட்டாமல் கிடந்தன. அஜந்தாவும் எல்லோராவும் நிஜாமின் எல்லைக்குள் இருந்தவை. 1914-இல் அங்குத் தொல்பொருள் துறை ஏற்பட்டது. குலாம் யஸ்தானி அதன் தலைவரானார். அஜந்தாவின் ஓவியங்களைக் காக்க 1920-இல் இத்தாலியிலிருந்து வல்லுநர்கள் வரவழைக்கப்பட்டனர். ஒரு புத்த விகாரத்தை ஒரு முஸ்லிம் அரசு காத்தது. முஸ்லிம் அறிஞர் ஒருவர் அதனை உலகுக்கு விளக்கினார். அதன் பின்னர்தான் புதிய கல்லூரியின் தூணில் அதன் சாயல் ஏறிற்று. தோண்டியும் துலக்கியும் ஆவணப்படுத்தியும் ஒரு தலைமுறை தன் முன்னோர் செல்வமாக எதனை ஏற்றுக்கொண்டதோ, அதிலிருந்துதான் அத்தலைமுறையின் கட்டிடக் கலைஞன் எடுத்தாள முடியும். மறக்கப்பட்ட பழமை எத்துணைச் சிறந்ததாயினும் வரைபடத்துக்கு வாராது.

ஆனால் இக்கட்டிடத்தைப் புகழ்வதோடு நின்றுவிடுதல் நேர்மையாகாது என்பது நம் கருத்து. கல்லில் பல மரபுகள் கூடின. வகுப்பறையிலோ ஒரு மொழியே ஒலித்தது. அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் பேசிய தெலுங்குக்கும், மராட்டிக்கும், கன்னடத்துக்கும் பயிற்று மொழி என்னும் இடம் கிட்டவில்லை. கட்டிடம் எழுந்துகொண்டிருந்தபோதே, 1938-இல், விடுதியில் வந்தே மாதரம் பாடிய மாணவர்கள் தடுக்கப்பட்டனர். பலர் நீக்கப்பட்டு நாகபுரிப் பல்கலைக் கழகத்தை நாடிச் சென்றனர். தூணில் தந்த மதிப்பை நாவுக்கும் தந்திருக்கலாமே என்று எண்ணாதிருக்க இயலவில்லை. 1948-இல் ஐதராபாத் இந்தியாவோடு இணைந்த பின் உருதுவின் இடத்துக்கு ஆங்கிலம் வந்தது. அப்போதும் தெலுங்கு காத்துத்தான் நின்றது!

பின்னர் நிகழ்ந்ததை எந்த வரைபடமும் எதிர்பார்த்திருக்க முடியாது. மன்னர் பெருமைக்கென அமைந்த அகன்ற படிகள் மாணவர் கூடும் மேடையாயின. 1969-இல் தெலங்கானாக் கிளர்ச்சி இவ்வளாகத்தில்தான் சூடேறியது. 2009-க்குப் பின் மீண்டும் எழுந்து, 2014 ஜூன் 2-ஆம் நாள் தனி மாநிலம் அமைந்தது வரை இக்கட்டிடத்தின் முகப்பு நாள்தோறும் செய்திகளில் இடம் பெற்றது. நிஜாமின் வளைவு தெலங்கானா மக்களின் அடையாளமாயிற்று. கட்டியவர் ஒரு பொருளை வைத்தார். புழங்கியவர் வேறொன்றை வைத்தனர். பின்னதே நிலைத்தது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கும் இதில் ஒரு கேள்வி உண்டு. குடியேறிய ஊரில் நாம் முதலில் எழுப்புவது பெரும்பாலும் கோவில். செகந்தராபாத் பத்மராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோவிலுக்குச் செல்வோர் கோபுரத்தைக் கண்டவுடன் தமிழ்நாட்டில் கால் வைத்ததாகவே உணர்வர். அங்கு அது பொருந்துகிறது. கோவிலுக்கு ஆகம மரபு வழி காட்டுகிறது. சங்கக் கட்டிடத்துக்கும் திருமண மண்டபத்துக்கும் வீட்டுக்கும் வழி காட்டுவது எது? கான்கிரீட்டுப் பெட்டி ஒன்றைக் கட்டி, முகப்பில் சிமெண்டுக் கோபுரம் ஒன்றை ஒட்டிவிட்டால் அது தமிழர் மண்டபம் ஆகிவிடுமா? நமக்கு அது உவப்பாக இல்லை.

நம் மரபில் எடுத்தாளத் தக்கவை கோபுரத்தினும் எளியவை. திண்ணை ஒன்று. தெலுங்கர் அதனை அருகு என்பர். வழிப்போக்கனும் வீட்டுக்காரனும் அயலாராய் இராதபடி செய்யும் இடம் அது. முற்றம் மற்றொன்று. ஐதராபாத் பிரபுக்களின் பழைய தேவுடிகளிலும் முற்றம் உண்டு; செட்டிநாட்டு வீடுகளிலும் உண்டு. அங்குப் பெண்டிர் திரைமறைவில் காற்று வாங்க உதவிற்று. இங்குத் திருமணமும் சடங்கும் நடக்க இடமாயிற்று. நோக்கம் வேறாயினும் வெயில் ஒன்றே. இவ்விரண்டிலும் இந்நாட்டாரும் நாமும் உறவினரே என்பதை நம் சங்கங்கள் பொறியாளரிடம் வரைபடம் கேட்கும்போது எடுத்துரைக்கலாம்.

தார்நாகாவின் பழைய தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. அவற்றில் நம் பெண்கள் மின்தூக்கிக்கும் வாயிற்கதவுக்கும் இடைப்பட்ட இரண்டு முழ இடத்தில் நாள்தோறும் கோலம் இடுகின்றனர். வரைபடத்தில் அவ்விடத்துக்கு நடைவழி என்றுதான் பெயர் எழுதியிருக்கிறது.