பெற்றோர் ஊருக்குப் போன கேமரா



கிரேக்கம் என்றதும் நம் கண்முன் வருவது குன்றின்மேல் நிற்கும் வெண்சலவைக்கல் தூண்கள்தாம். அந்த நாட்டு அரசும் உலகம் தன்னை அப்படியே நினைக்க வேண்டும் என்று விரும்பிய காலம் உண்டு. 1939இல் நியூயார்க்கில் உலகக் கண்காட்சி நடந்தபோது, கிரேக்க அரங்குக்குப் படங்கள் செய்து கொடுத்தவர் நெல்லிஸ் என்ற பெயரில் புகழ்பெற்ற பெண் புகைப்படக் கலைஞர். கிராமத்து மனிதரின் முகத்தையும் பழங்காலச் சிலையின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியவர் அவர். அதே மூக்கு, அதே நெற்றி, வம்சம் மாறவில்லை பாருங்கள் என்று சொல்லாமல் சொல்லும் படங்கள். அழகானவைதாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிராமத்தான் அங்கே சிலைக்குச் சாட்சி சொல்ல வந்தவன். அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

1961இல் புகைப்படக் கலைஞர் கான்ஸ்டன்டின் மேனோஸ் கிரேக்கத்துக்குப் போனார். அமெரிக்காவில், தென் கரோலினாவில் 1934இல் பிறந்தவர். பெற்றோர் கடல் கடந்து வந்த கிரேக்கர்கள். மூன்றாண்டுகள் அங்கேயே தங்கி, தூண்களை விட்டுவிட்டுக் கிராமங்களையும் தீவுகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். கார்பதோஸ் தீவில் எடுத்த துக்கப் படம் ஒன்று போதும். முக்காடிட்ட பெண்கள் கூடி அழுகிறார்கள். நம் ஒப்பாரி போல, இறந்தவரை விளித்துப் பாடும் வழக்கம் அங்கேயும் உண்டு. படத்துக்கு ஓசை கிடையாது. ஆனாலும் அந்த வாய்களைப் பார்த்தால் நமக்குக் காது கேட்கிறது. அந்தப் பெண்கள் எந்தச் சிலையின் வாரிசாகவும் நிற்கவில்லை. அவர்கள் துக்கம், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. 1960இல் மேற்கு ஜெர்மனியோடு தொழிலாளர் ஒப்பந்தம் ஆகி, கிராமத்து இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏதென்ஸில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. 1972இல் இந்தப் படங்கள் புத்தகமாக வந்தபோது நாட்டை ஆண்டது ராணுவம். தொகுப்பிலோ பெரும்பாலும் காலம் நகராத கிராமங்கள். பெற்றோர் விட்டுவந்த உலகத்தைத் தேடிப்போனவர், அதைக் கண்ட இடத்திலேயே நின்றுவிட்டார் என்று தோன்றுகிறது.

பின்னாளில் மேனோஸ் அமெரிக்காவை வண்ணத்தில் எடுத்தார். கடற்கரைக் கூட்டம், தெருக் கொண்டாட்டம். 1995இல் அதுவும் புத்தகமானது. அந்தப் படங்களில் ஒரு குறும்பு இருக்கிறது, லேசான நையாண்டியும் உண்டு. பிறந்த மண்ணைச் சிரித்துக்கொண்டே பார்த்த அந்தக் கண், பெற்றோர் மண்ணை ஒருபோதும் அப்படிப் பார்க்கத் துணியவில்லை.