ஓய்வு பெறும் முன் போடும் கையெழுத்து
(ஆனைக்கரையில் உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)

ரிடையர் ஆகப்போகும் தம்பதிகள் பலர் வந்திருக்கிறீர்கள். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன், சயன்ஸ் படித்தவன் என்பதால் கணக்கோடு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, பென்ஷன். கேரள அரசில் 1.4.2013-க்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன். 40 சதவீதம் வரை கம்யூட் செய்யலாம். 12 ஆண்டுகளுக்குப் பின் முழுப் பென்ஷன் திரும்பும். மத்திய அரசில் 15 ஆண்டுகள். கம்யூட் செய்ததால் குடும்பப் பென்ஷன் குறையாது.

அதற்குப் பின் கேரள அரசில் சேர்ந்தவர்கள் என்.பி.எஸ்.காரர்கள். அவர்கள், சேர்ந்த தொகை மிகச் சிறியதாக இல்லாவிட்டால், குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆனுவிட்டி வாங்க வேண்டும். கவனம் தேவைப்படும் இடம் இதுதான். "ஆயுள் முழுதும், எனக்கு மட்டும்" என்ற ஆப்ஷனில் மாதத் தொகை அதிகம். அவர் காலத்தோடு அது நின்றுவிடும். கணவன் மனைவி இருவருக்குமானதில் தொகை சற்றுக் குறைவு. ஆனால் பின்னால் இருப்பவருக்கும் வரும். ஆரம்ப அவகாசம் கழிந்தபின் மாற்ற முடியாது.

இரண்டாவது, நாமினேஷன். பாங்க் டெபாசிட்டில் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. சொந்தக்காரர் சட்டப்படியான வாரிசுதான். 2010-ல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது. ஆகவே நாமினேஷனோடு உயிலும் எழுதி வையுங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயர்களையும் ஒருமுறை சரிபாருங்கள்.

பெரிய தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். தம்பதியாக உட்கார்ந்து, ஃபாரத்தை இருவரும் படித்து, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.