கூலி என்னும் சொல்

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ஒன்று 'கூலி'. உழைப்புக்குப் பெறும் ஊதியம் என்பதே அதன் பொருள் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஆனால் அதன் பொருட்பரப்பு பெரிது. வண்டியைப் பயன்படுத்தியதற்குத் தருவது வண்டிக்கூலி. பிறர் வீட்டில் வாழ்வதற்குத் தருவது குடிக்கூலி. பொற்கொல்லர் பெறுவது செய்கூலி. மூட்டை சுமப்பவர் பெறுவது ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. ஆளாயினும் பொருளாயினும், பிறருக்குரிய ஒன்றைச் சிறிது காலம் பயன்கொண்டதற்கு அளிக்கும் ஈடே கூலியாம். ஆங்கிலத்தில் 'ஹயர்' என்னும் சொல்லும் இவ்விரண்டையும் தழுவி நிற்கின்றது. நாம் இன்று வீட்டுக்கு வாடகை, நிலத்துக்குக் குத்தகை எனப் பிரித்து வழங்குவதால், கூலி உழைப்பாளிக்கே உரியதாகிவிட்டது.

'கூலம்' என்பது தானியம். களத்தில் தானியமாக அளக்கப்பட்டதால் கூலி எனப் பெயர் வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கருதுவர். ஊழ் கைவிடினும் முயன்றவனுக்குப் பயன் உண்டு என்று கூறும் 619ஆம் குறளில், வள்ளுவர் இச்சொல்லையே ஆண்டார். இழிவான சொல்லாயின் அவ்விடத்தில் ஆண்டிருப்பாரா?

பின் இழிவு எங்கிருந்து வந்தது? கடந்த நூற்றாண்டுகளில் மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் நம்மவர் ஒப்பந்தத் தொழிலாளராகக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே அவர்கள் 'கூலி' என்றே அழைக்கப்பட்டனர். ஆங்கிலத்தில் புகுந்த அச்சொல் குஜராத்தின் 'கோலி' என்னும் இனப்பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். நம் கூலியே என்பாரும் உளர். எவ்வாறாயினும், தமிழில் ஊதியத்தைக் குறித்த ஒலி அங்கே ஆளைக் குறித்து, பின்னர் வசையாயிற்று. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். நம் நாட்டில், 2016ஆம் ஆண்டின் ரயில்வே வரவு செலவுத் திட்டத்தில், சுமை தூக்குவோரைக் 'கூலி' என்பதற்கு மாறாகச் 'சஹாயக்' என்று அழைக்க முடிவு செய்தனர்.

பெயர் மாற்றம் நன்றே. ஆயினும் குற்றம் சொல்லில் இல்லை. அதனை ஆளின்மேல் ஏற்றியதில் உள்ளது. குஜிலியம்பாறைப் பக்கத்துப் புன்செய்க் காட்டில் களையெடுக்க வருபவர்களை 'நாலு கூலி வந்திருக்கிறது' என்று அஃறிணையில் எண்ணாதீர்கள். அக்காள் என்றோ அண்ணன் என்றோ முறை சொல்லி அழையுங்கள். மாலையில் கூலியைக் குறையாமல், கையில் கொடுங்கள்.