லயத்துக்கு அடியில் தண்ணீர் இறங்க விடக்கூடாது

(கண்டி மாவட்டத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் எமது கண்டி மாவட்டத்தையே உலுக்கிவிட்டது. அடுத்த மழைக்கு முன் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

எமது லயங்களில் பல வெள்ளைக்காரன் காலத்தில் மலையை வெட்டிக் கட்டியவை. பின்னால் மண்மேடு, முன்னால் பள்ளம். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுந்தால் அத்திவாரத்துக்குள் இறங்கும். மண் இளகும், தரை தாழும், சுவர் வெடிக்கும்.

ஆகவே பின்பக்கக் கானில் குப்பை, மண் தேங்க விடாதீர்கள். பீலித் தண்ணீரையும் குசினித் தண்ணீரையும் கானுக்கே கொண்டுபோய் விடுங்கள். குசினியைப் பெருப்பிக்க மண்மேட்டை வெட்டாதீர்கள். உடைந்த கான், வெடித்த அத்திவாரம் ஆகியவற்றை நிர்வாகம்தான் திருத்த வேண்டும். அதை வாயால் சொல்லிவிட்டு வராமல், திகதியிட்டுக் கடிதமாகக் கொடுத்து, பிரதியைத் தோட்டத் தலைவரிடம் வையுங்கள்.

மழை தொடர்ந்தால் ஒரு நேரான டின்னை வெட்டவெளியில் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 என்றால் வெளியேறிவிட வேண்டும் என்பதே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. டின்னில் 15 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அதுதான் 150. சுவரில் புது வெடிப்பு, இறுகும் கதவு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் டின் நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். வயதானவர்களையும் பிள்ளைகளையும் முதலில் அனுப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் சொல்லுங்கள். பேர் போய்விடும், அரைப்பேர் போடுவார்கள் என்று பயந்து நிற்காதீர்கள். அதைப் பற்றி நிர்வாகத்துடன் சங்கம் பேசும்.

தோழர்களே, கான் வெட்டினால் லயத்தைக் காக்கலாம், சரிகிற மலையைத் தடுக்க முடியாது. ஆபத்தான இடம் என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு லயத்துக்கும் பதிலாகப் பாதுகாப்பான காணியும், தனிவீடும், கையில் உறுதியும் வேண்டும். அது கிடைக்கும்வரை நாம் ஓயப்போவதில்லை.