தேநீர்க் கோப்பையும் கணினி ஆராய்ச்சியும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கணினியில் பட்டப்பின் படிப்புக்கு வேண்டிய ஆராய்ச்சி முறைகளை முன்னதாகவே பயில முற்பட்டோம், மாணவர் மூவர். கணினிக்குக் கட்டளை எழுதத் தெரிந்தால் ஆராய்ச்சி தானே வந்துவிடும் என எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பொய்த்த கதையையே இன்று கூற விழைகின்றோம்.

தேயிலையின் கொப்புள நோயை நீங்கள் நன்கறிவீர்கள். 1946ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த இந்நோய், மழையிலும் மூடுபனியிலும் பெருகி இளந்தளிரை அழிப்பது. இலையின் படத்தைக் காட்டினால் நோயுண்டா, இல்லையா என்று கணினி சொல்லவேண்டும். அதுவே எங்கள் முயற்சி. நோர்வூட் மலைகளில் படம் பிடித்துக் கணினியைப் பழக்கினோம். சோதித்தபோது ஏறக்குறைய எல்லா விடையும் சரியாயின. அகமகிழ்ந்தோம்.

ஆசிரியர் ஒருவர் மட்டும், "நோயுற்ற இலைகளை எப்போது படம் பிடித்தீர்கள்?" என்றார். மழை நாட்களில். "நல்ல இலைகளை?" வெயில் நாட்களில். மழை நாளில் நல்ல இலைகளைப் படம் பிடித்துக் காட்டினோம். அவற்றையும் நோய் என்றது கணினி! அது கற்றது நோயையன்று, வெளிச்சத்தின் மங்கலை. அதனை நம்பித் தோட்டத்தில் மருந்தடித்திருந்தால், வீணே அக்கருவியை முதுகில் சுமந்து நஞ்சைச் சுவாசிப்போர் நம் அண்ணன்மாரன்றோ?

இப்பிழையைத் தவிர்க்கும் வழியை ஒரு தேநீர்க் கோப்பை காட்டியது. இங்கிலாந்தின் ரொத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில், பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரையா என்பதைச் சுவைத்தே சொல்வேன் என்றார் மியூரியல் பிரிஸ்டல் அம்மையார். அறிஞர் ரொனால்ட் பிஷர் நகைக்கவில்லை, சோதிக்க எண்ணினார். 1935இல் வெளியிட்ட நூலில் அவர் விளக்கிய முறை இதுவே: எட்டுக் கோப்பைகள், நான்கு ஒருவகை, நான்கு மறுவகை, எதனையும் முன்கூட்டி அறியமுடியாதபடி குலுக்கிய வரிசை. வெறும் ஊகத்தால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்வது 70இல் ஒரு தடவையே நிகழும்.

இம்முறை நமக்கு அந்நியமன்று. ரொத்தம்ஸ்டெட்டில் பணியாற்றிய ஈடன் என்பவர், 1925இல் தோன்றிய நம் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, தேயிலை விளைச்சற் பரிசோதனைகளில் நேரும் பிழைகளைக் கணித்து 1931இல் கட்டுரை வெளியிட்டார். அந்நிலையம் இருப்பது அண்மையிலுள்ள தலவாக்கலையிலன்றோ!

கணினி ஆராய்ச்சியிலும் நெறி இதுவே. கேள்வியை முதலில் எழுதுக. எவ்விடை வந்தால் நம் கருத்துத் தவறென ஒப்புவோம் என்பதையும் முன்னரே எழுதுக. கணினி காணாத படங்களை, வேறு நாளிலும் வேறு மலையிலும் எடுத்துச் சோதிக்க. பிறரும் செய்துபார்க்குமாறு யாவற்றையும் குறித்து வைக்க.

தோழர்களே, பேராதனையில் 1996இல் அமைந்த விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் நமக்குத் தொலைவன்று. பெரியோர்களே, பட்டம் பெற்ற பிள்ளையிடம் "சம்பளம் எப்போது?" என்று கேட்பது உங்கள் உரிமை. இயலுமாயின் இரண்டாண்டு பொறுத்துக் கேளுங்கள். நம் மலைகளைப் பற்றிய கேள்விகளை நம் பிள்ளைகள் கேளாவிடின், வேறு யார் கேட்பார்?